மேடையும் உணவுக்கூடமும்: பல்கலைக்கழக உறைவிடக் கல்லூரிகளில் தமிழ்



பல்கலைக்கழகத்தில் தமிழ் என்றவுடன் நம் எண்ணம் துறையை நோக்கிச் செல்கிறது. விரிவுரை, தேர்வு, ஆய்வேடு, பட்டம் ஆகியவை நினைவுக்கு வருகின்றன. இன்றைய சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட இடம் வேறு. விரிவுரை முடிந்தபின் மாணவர் திரும்பிச் செல்லும் இடம் அது. உண்டு, உறங்கி, வாதிட்டு, விழா எடுத்து மூன்று நான்கு ஆண்டுகளைக் கழிக்கும் இடம். மலாய் மொழியில் அதனைக் 'கோலேஜ் கெடியாமான்' என்பர். தமிழில் 'உறைவிடக் கல்லூரி' எனலாம். மாணவர் பேச்சில் அது 'காலேஜ்' அல்லது 'ஹாஸ்டல்'.

அந்த இடத்தில் தமிழ் எந்நிலையில் இருக்கிறது என்னும் வினாவை இங்கே முன்வைக்கிறோம். ஆண்டுக்கு ஓர் இரவு மேடையில் தமிழ் ஒளிர்வதை நாம் அறிவோம். மற்ற நாள்களில் உணவுக்கூடத்து மேசையில் அமர்ந்து, தாம் கற்கும் துறையைப் பற்றி ஒரு மாணவர் தமிழில் பேசுகிறாரா? மருத்துவமும் பொறியியலும் சட்டமும் கற்போர் தமிழில் சிந்திக்க அங்கே வாய்ப்பு உண்டா? இந்நாட்டில் தமிழின் எதிர்காலம், நாம் நினைப்பதைவிட நெருக்கமாக இவ்வினாவோடு பிணைந்திருக்கிறது என்பதே நம் கருத்து.

உண்டியும் உறையுளும்

கற்போருக்கு உணவும் உறைவிடமும் தந்து கற்பிக்கும் முறை நமக்குப் புதிதன்று. முதலாம் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, ஒரு கல்விச்சாலையின் முழு ஏற்பாட்டையும் பதிவு செய்கிறது. இளைய மாணவர் 270 பேர், முதுநிலை மாணவர் 70 பேர், ஆசிரியர் 14 பேர். அவர்களுக்கு நாள்தோறும் அளக்க வேண்டிய நெல் எவ்வளவு, அதற்கென ஒதுக்கப்பட்ட நிலம் எவ்வளவு என்பனவெல்லாம் கல்லில் வெட்டப்பட்டன. அதே 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, கல்விச்சாலையையும் மாணவர் விடுதியையும் 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையையும் ஒருங்கே குறிப்பிடுகிறது.

இக்கல்வெட்டுகளைப் பெருமையோடு எடுத்துக்காட்டும்போது ஒன்றை மறைத்தல் ஆகாது. அக்கல்விச்சாலைகளில் கற்பிக்கப்பட்டவற்றுள் பெரும்பகுதி வேதமும் வடமொழி நூல்களுமே. தமிழ் மண்ணில், தமிழர் உழுத நிலத்து நெல்லை உண்டு, தமிழர் அரசின் ஆதரவில் நடந்த கல்வியில் தமிழ் முதலிடம் பெறவில்லை. சோறும் கூரையும் கற்றலுக்கு வழிசெய்யும். அக்கூரையின் கீழ் எம்மொழி வளரும் என்பது அங்கு வாழ்வோரையும் அவர்களுக்கு வழிகாட்டுவோரையும் பொறுத்தது. இப்பாடம் இன்றைக்கும் பொருந்துகிறது.

ஒருவர் வாழ்வில் மூன்று வளாகங்கள்

கடந்த நூற்றாண்டில் தமிழ்க் கல்வி உறைவிடப் பல்கலைக்கழகங்களில் எவ்வாறு வேரூன்றியது என்பதை அறிய, தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளாரின் வாழ்க்கைப் பாதையைப் பின்தொடர்ந்தால் போதும். 1940களில் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்றார். 1952 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராகப் பணியாற்றினார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவரானார். சிதம்பரம், பேராதனை, கோலாலம்பூர் ஆகிய மூன்று இடங்களிலும் வளாகத்திலேயே மாணவர் தங்கிக் கற்கும் முறை இருந்தது.

1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உறைந்து கற்கும் பல்கலைக்கழகமாகவே அமைந்தது. அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931இல் பொறுப்பேற்றவர் மட்டக்களப்புக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். அவரே 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் ஆனார். ஒரு வளாகத்தில் முளைத்த நாற்று மற்றொரு வளாகத்தில் நடப்பட்ட வரலாறு இது.

பேராதனையில் நிகழ்ந்ததைச் சற்று விரிவாகக் காண வேண்டும். 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் மலைசூழ்ந்த பேராதனைக்கு இடம்பெயர்ந்தபோது, முதல் துணைவேந்தர் ஐவர் ஜென்னிங்ஸ் மாணவர் அனைவரும் மண்டபங்களில் தங்கிக் கற்பதையே இலட்சியமாகக் கொண்டிருந்தார். இராமநாதன், அருணாசலம் ஆகிய தமிழ்ச் சகோதரர் பெயர் தாங்கிய மண்டபங்களும் அங்கே எழுந்தன. அப்பல்கலைக்கழகத்தின் எதிரிவீர சரச்சந்திரர், சிங்கள நாட்டார் அரங்கின் கூறுகளைக் கொண்டு 'மனமே' என்னும் நாடகத்தை 1956இல் மேடையேற்றினார். பெரும் புகழ் பெற்ற அந்நாடகம், அதே வளாகத்தில் பணியாற்றிய தமிழறிஞரிடத்தும் ஒரு வினாவை எழுப்பியது: நம் மரபில் இதற்கு நிகரானது எங்கே?

பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதற்கான விடையைச் சிற்றூர்களில் தேடினார். மட்டக்களப்பின் அண்ணாவிமார் காத்துவந்த கூத்து, பல்கலைக்கழக மாணவரின் உடலிலும் குரலிலும் ஏறியது. 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்', 1967இல் 'வாலி வதை' ஆகியவை மேடை கண்டன. விடியவிடிய நீளும் கூத்து, நகரத்து அரங்கிற்கு ஏற்பச் சுருக்கிச் செப்பஞ் செய்யப்பட்டது. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் ஈழத்து அரங்கியலின் பேரறிஞராக விளங்கினார். தாளக்கட்டும் ஆட்டமுறையும் பழகுவதற்குப் பல மாத மாலைப்பொழுதுகள் வேண்டும். வளாகத்திலேயே வாழும் மாணவருக்கு அம்மாலைப்பொழுதுகள் கிடைக்கின்றன.

அண்டை வீட்டாரின் ஆக்கம் நம்மைத் தூண்டியது என்பது இவ்வரலாற்றின் சாரம். ஆயினும் 'மனமே' மேடையேறிய அதே 1956இல்தான் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டமும் நிறைவேறியது. ஒரே கூரையின் கீழ் வாழ்வது மட்டுமே ஒற்றுமைக்கு உறுதி தந்துவிடாது. ஒருவர் மொழியை மற்றவர் அறிய முயலும்போதுதான் அக்கூரைக்குப் பொருள் பிறக்கிறது.

பந்தாய்ப் பள்ளத்தாக்கில் தமிழ்

இனி நம் மண்ணுக்கு வருவோம். மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தோன்றியது. 1956இல் அங்கே இந்திய ஆய்வியல் துறை அமைந்தது. அத்துறையில் வடமொழி முதன்மை பெறுமா, தமிழ் முதன்மை பெறுமா என்னும் விவாதம் எழுந்தபோது, 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டினார். பல்கலைக்கழக வாயிலை மிதித்தறியாத உழைப்பாளர்கள் தம் சிறு ஊதியத்திலிருந்து வெள்ளிகளை எடுத்துக் கொடுத்தனர். அத்துறையின் தமிழ் நூல்களுக்குப் பின்னே அவர்களின் வியர்வை இருக்கிறது.

1959இல் கோலாலம்பூர்ப் பிரிவு தன்னாட்சி பெற்றது. 1962 சனவரி முதல் நாள் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பந்தாய்ப் பள்ளத்தாக்கின் மேட்டு நிலங்களில் உறைவிடக் கல்லூரிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. 1966 ஏப்பிரல் 16 முதல் 23 வரை அப்பல்கலைக்கழகத்தில் முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நிகழ்ந்தது. தமிழ்நாட்டிற்கும் இலங்கைக்கும் முன்னதாக அம்மாநாட்டை நடத்தும் பேறு கோலாலம்பூருக்கு வாய்த்தது. தனிநாயகம் அடிகளாரின் தமிழாய்வு நூலடைவும் அதே ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. 1969இல் இராம. சுப்பையா தொகுத்த 'தமிழ் மலேசியானா', இம்மண்ணில் அச்சான தமிழ் நூல்களையும் இதழ்களையும் பட்டியலிட்டது.

இவை அறிஞர் பணிகள். மாணவர் பணியும் இதற்கு இணையாக நடந்தது. பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் அமைப்பு 1960களில் 'தமிழ் ஒளி' என்னும் ஆண்டிதழை வெளியிட்டது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை, 1980களின் நடுப்பகுதி முதல் சிறுகதைப் போட்டி நடத்திப் பரிசுக் கதைகளைப் 'பேரவைக் கதைகள்' என நூலாக்கி வருகிறது. மாணவர் பிரிவும் பொதுப் பிரிவும் அதில் உண்டு. பெயர்பெற்ற எழுத்தாளரின் கதையும் முதலாண்டு மாணவரின் கதையும் ஒரே நூலில் இடம்பெறுகின்றன. போட்டிக்கான கடிதங்களை எழுதுவதும், கதைகளைத் தட்டச்சுச் செய்வதும், மெய்ப்புப் பார்ப்பதும் மாணவர் கையில் நிகழும் வேலைகள். வகுப்பறையில் கற்ற புணர்ச்சி விதி மெய்ப்புத் தாளின் முன்னேதான் உண்மையான தேர்வைச் சந்திக்கிறது.

விழா இரவும் மறுநாள் காலையும்

இன்றைய உறைவிடக் கல்லூரியை எண்ணிப் பார்ப்போம். அறைகள் இனம் பார்த்துப் பிரிக்கப்படுவதில்லை. கிள்ளானிலிருந்து வந்த தமிழ் மாணவி, கிளந்தானிலிருந்து வந்த மலாய் மாணவியோடும் ஈப்போவிலிருந்து வந்த சீன மாணவியோடும் அண்டை அயலாராக வாழ்கிறார். தீபாவளி விழா வருகிறது. கல்லூரி முகப்பில் வண்ண அரிசிக் கோலம் விரிகிறது. நன்கொடைக் கடிதங்கள் செல்கின்றன. இரவு நெடுநேரம் நடனப் பயிற்சி நடக்கிறது. உறுமி மேளம் அதிர்கிறது. மலாய், சீன நண்பர்களும் வேட்டியும் சேலையும் உடுத்தி மேடையேறுகின்றனர். இவ்வுழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பணத்தைக் கணக்குப் பார்ப்பதும், பிணக்குத் தீர்ப்பதும், மாற்றினத்தாரோடு இணைந்து பணிசெய்வதும் அங்கே கற்கப்படுகின்றன.

ஆனால் அவ்விழாவை உருவாக்கும் வேலை எம்மொழியில் நடக்கிறது? கூட்டக் குறிப்பு மலாயில், கைப்பேசிச் செய்தி உரோமன் எழுத்தில், வரவுசெலவு ஆங்கிலத்தில். தமிழ் நிகழ்ச்சியின் தலைப்பிலும் வரவேற்புரையின் முதல் வரியிலும் நிற்கிறது. மறுநாள் காலை பதாகை அவிழ்க்கப்படும்போது தமிழும் மடித்து வைக்கப்படுகிறது.

இதனால் என்ன இழப்பு என்று வினவலாம். நம் மாணவரின் மொழிப் பயணத்தை நோக்கினால் விடை கிடைக்கும். 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் ஆறாண்டுகள் தமிழ்வழிக் கல்வி உண்டு. இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடமாகச் சுருங்குகிறது. எஸ்.பி.எம். தேர்வோடு பெரும்பாலோருக்கு அதுவும் முடிகிறது. பல்கலைக்கழகத்தில் தமிழைப் பாடமாகக் கற்போர் சிலரே. ஏனையோரின் தமிழ் பதினேழு வயதில் நின்றுவிடுகிறது. உடல் வளர்கிறது, தொழிலறிவு வளர்கிறது, மொழி மட்டும் பள்ளிச் சீருடையிலேயே இருக்கிறது.

அம்மாணவர் மருத்துவராகிறார். தோட்டத்தில் உழைத்து முதுமையடைந்த அம்மையார் ஒருவர் அவர்முன் அமர்கிறார். 'அம்மா, சாப்பிட்டீங்களா?' என்று கேட்க அவரிடம் தமிழ் இருக்கிறது. சிறுநீரகம் ஏன் செயலிழந்தது, குருதித் தூய்மிப்பு எதற்கு, மறுத்தால் என்ன நேரும் என்று விளக்க அவரிடம் தமிழ் இல்லை. அம்மையார் தலையசைக்கிறார், புரிந்ததா என்பது யாருக்கும் தெரியாது. வழக்கறிஞருக்கும் அவரிடம் வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுவரும் முதியவருக்கும் இடையிலும் இதே இடைவெளி தோன்றுகிறது. அறிவு ஒரு மொழியிலும் அன்பு வேறொரு மொழியிலும் பிரிந்து நின்றால், அறிவு சென்றடைய வேண்டியவரைச் சென்றடைவதில்லை.

இவ்விடைவெளியை நிரப்பத் துறையால் மட்டும் இயலாது; மருத்துவ மாணவர் துறைக்கு வருவதில்லை. அவரும் தமிழ் மாணவரும் சட்ட மாணவரும் ஒரே வேளையில் சந்திக்கும் இடம் உறைவிடக் கல்லூரியின் உணவுக்கூடமே.

மேசையில் தொடங்கும் வேலை

எனவே செலவில்லாத ஒரு வழக்கத்தைப் பரிந்துரைக்கிறோம். வாரத்தில் ஒரு மாலை, இரவுணவுக்குப் பின், ஒரு மேசை. ஒருவர் தம் துறையிலிருந்து ஒரு பொருளை 20 நிமிடம் தமிழில் விளக்க வேண்டும். பாலம் ஏன் நிற்கிறது, தடுப்பூசி உடலில் என்ன செய்கிறது, ஒப்பந்தம் எப்போது செல்லாததாகும் ஆகியவற்றுள் எதுவாயினும் ஆகலாம். கலைச்சொல் தெரியாத இடத்தில் பிறமொழிச் சொல்லையே சொல்லட்டும். கேட்டவருள் தமிழ் பயில்வோர் தக்க சொல்லைத் தேடி அடுத்த வாரம் கொண்டுவரட்டும். தூய தமிழ் வராது என்ற நாணமே பலரை வாய்மூட வைக்கிறது. அந்நாணத்தைப் போக்கும் இடமாக அம்மேசை அமைய வேண்டும். சொல்லைத் திருத்துவது பிறகு. முதலில் பொருளைக் கேட்போம்.

மொழி, மொழித்துறையாரின் தனியுடைமை அன்று என்பதற்கு அதே வளாகத்தில் சான்று உண்டு. பதினோராம் உறைவிடக் கல்லூரி உங்கு அசிஸ் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1968 முதல் 1988 வரை துணைவேந்தராக இருந்த அவர் பொருளியல் அறிஞர். அவரே மலாய்ப் பந்துன்களைத் திரட்டி ஆராய்ந்து, அவற்றில் வெளிப்படும் மக்கள் அறிவைப் பற்றி நூல் எழுதினார். ஏழாம் கல்லூரி, மலாய் இலக்கணத்தைச் செப்பமுற வகுத்த ஸஅபாவின் பெயரைப் பெற்றது. பொருளியல் கற்றவர் கவிதையை ஆராயலாம் என்றால், பொறியியல் கற்பவர் தமிழில் கட்டுரை எழுதக் கூடாதா?

தமிழுக்கென ஒரு மேசை அமைத்தால் மாணவர் பிரிந்துவிடமாட்டாரா என்னும் ஐயம் சிலருக்கு எழும். நியாயமான ஐயமே. அம்மேசையில் அண்டையாருக்கும் நாற்காலி இடுவதே அதற்கு விடை. பந்துனின் முதலிரு அடிகள் பெரும்பாலும் இயற்கைக் காட்சியைக் காட்டும். பின்னிரு அடிகள் கருத்தை உரைக்கும். சங்கப் பாடலின் உள்ளுறை இயற்கைக் காட்சிக்குள்ளேயே கருத்தைப் பொதிந்து வைக்கும். இரண்டையும் அருகருகே வைத்து இரு நண்பர்கள் உரையாடினால், இருவரும் தத்தம் மரபைப் புதிதாகக் காண்பர். சீன நண்பரிடமும் கேட்கலாம். சூரிய ஆண்டின் 24 பருவங்களின் பெயர் தாங்கிய முரசுக் கலை 1988இல் சொகூர் பாருவில் உருவாகி வளாகங்கள்தோறும் பரவியது. பழைய கூறுகளைக் கொண்டு புதிய கலையொன்றை இந்நாட்டிலேயே படைத்தனர். நம் உறுமியின் தாளக்கட்டுகளை எழுதி வைத்து, முறையாகக் கற்று, அடுத்தவருக்குக் கற்பிக்க நம் மாணவரால் இயலாதா?

மற்றொரு பணி, பாதுகாத்தல். ஆண்டுதோறும் விழா மலர்கள், நாடகப் பிரதிகள், பேச்சுப் போட்டித் தலைப்புகள் தோன்றி மறைகின்றன. 'தமிழ் மலேசியானா' போன்ற பட்டியல் உருவானதற்குக் காரணம், எவரோ சிலர் அந்நூல்களை எறியாமல் வைத்திருந்ததே. ஒவ்வொரு மலரிலும் ஒரு படியைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு அளிப்பதைச் செயற்குழுவின் கடைசிக் கடமையாக்கலாம்.

கூரை இல்லாத மாணவர்

இதுவரை கூறியது உறைவிடக் கல்லூரியில் இடம் பெற்றோருக்கு. 1996இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தபின் கிள்ளான் பள்ளத்தாக்கில் தனியார் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் பெருகின. அவற்றில் பயிலும் நம் பிள்ளைகளுள் பலர் அடுக்குமாடி வீடுகளில் அறை எடுத்துத் தங்குகின்றனர். உணவு பொட்டலமாக வருகிறது; கதவு மூடப்படுகிறது. அவர்களுக்குப் பொது மேசை இல்லை.

அம்மேசையை இடும் பொறுப்பு நம் சமூகத்துடையது. மலாயாப் பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள 'யுனிவர்சிட்டி' இரயில் நிலையத்திலிருந்து நான்காவது நிறுத்தம் கே.எல். சென்ட்ரல், அதன் அருகே பிரிக்பீல்ட்ஸ். அங்கே 1904இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமக் கட்டடம் இன்றும் நிற்கிறது. கூலிக்கும் சம்பளத்துக்கும் கடல்கடந்து வந்த முன்னோர், தமக்கே வீடு உறுதியாகாத காலத்தில் கல்விக்கும் வழிபாட்டுக்கும் கூடம் எழுப்பினர். கிள்ளானிலிருந்து கொமுட்டர் இரயிலிலும் அவ்விடத்தை அடையலாம். கிள்ளானில் தெங்கு கிளானா சாலையைச் சுற்றியும் ஆலய மண்டபங்களும் சங்கக் கட்டடங்களும் உள்ளன. திருமண நாள்களில் நிறையும் அக்கூடங்கள் வார நாள் மாலைகளில் பூட்டிக் கிடக்கின்றன. மாதம் இரு மாலைகள் ஒரு விளக்கையும் சில நாற்காலிகளையும் மாணவருக்கு அளித்தால் போதும். சுபாங்கிலும் சைபர்ஜெயாவிலும் தனித்து வாழும் பிள்ளைகளுக்கு அதுவே உறைவிடக் கல்லூரியின் உணவுக்கூடமாகும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் பயின்று பல்கலைக்கழகம் செல்லும் மாணவரைத் தேர்வு முடிவோடு மறந்துவிடாதீர்கள். ஓராண்டு கழித்துப் பள்ளிக்கு அழைத்து, அவர் இப்போது கற்பதை ஐந்தாம் படிவ மாணவருக்குத் தமிழில் கூறச் செய்யுங்கள். அழைப்பு வருமென்று தெரிந்தால் அவர் அதற்காகத் தமிழைத் தேடுவார்.

மாணவச் செல்வங்களே, 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு வெள்ளி கொடுத்தவர்கள் உங்களை அறியார். தம் பேரப்பிள்ளைகள் உயர்கல்வியைத் தமிழோடு பெறுவர் என்று நம்பிக் கொடுத்தனர். விழாவை நன்றாக நடத்துங்கள். நாங்களும் வந்து முன்வரிசையில் அமர்ந்து மகிழ்வோம். மறுநாள் இரவு உணவுக்கூடத்தில் எதிரே அமர்ந்திருக்கும் நண்பரிடம், இன்று வகுப்பில் என்ன கற்றீர்கள் என்று தமிழில் கேளுங்கள். அவர் தட்டுத்தடுமாறி விடை சொல்லும்போது பொறுமையோடு கேளுங்கள்.